க்ளிட்டசார் வரிசையில் தப்பிப் பிழைத்தது: சாரோக்ளிட்டசார் ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரையில் இருக்கும் சித்தப்பாவுக்கு டாக்டர் புதிதாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். சாரோக்ளிட்டசார், 4 மில்லிகிராம், தினம் ஒன்று. ஏற்கெனவே சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கொழுப்புக்கு ஸ்டாட்டின் வகை மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டினும் சாப்பிடுகிறவர்தான். அப்படியும் வெறும் வயிற்றில் எடுத்த ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 380இல் நின்றது. "ஏப்பா, இது சுகர் மாத்திரையா, கொழுப்பு மாத்திரையா?" என்று போனில் கேட்டார். "ரெண்டும்தான் சித்தப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது, அந்த 'ரெண்டும்தான்' என்ற ஒரு வார்த்தையைத் துரத்திக்கொண்டு போய் உலகத்தின் பெரிய மருந்து நிறுவனங்களில் பாதி மண்ணைக் கவ்வியிருக்கின்றன என்று. சரி, முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2013 ஜூன் தொடக்கத்தில் அகமதாபாத்தின் சைடஸ் கேடிலா நிறுவனம் லிபாக்ளின் என்ற பெயரில் இந்த மாத்திரைக்கு இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் அனுமதி கிடைத்துவிட்டதாக அறிவித்தது. மூலக்கூறைக் கண்டுபிடித்ததிலிருந்து மனிதச் சோதனை முடித்து அனுமதி வாங்கியது வரை ஒரே இந்திய நிறுவனம் தன் கையால் செய்த முதல் புது மருந்து என்று பத்திரிகைகள் கொண்டாடின. அது நியாயமான பெருமைதான். லக்னோவில் பிறந்த சென்ட்குரோமான் என்ற கருத்தடை மருந்து அரசு ஆய்வகத்தின் பிள்ளை, 2012இல் வந்த ரான்பாக்சியின் மலேரியா மருந்தில் இருக்கும் ஆர்ட்டிரோலேன் மூலக்கூறு வெளிநாட்டு ஆய்வகத்தில் கிடைத்தது, அதனால் 'முதல்' என்பதில் பெரிய சண்டைக்கு இடமில்லை. ஆனால் எனக்கு அந்தச் செய்தியில் சுதேசிப் பெருமையை விட வேறொன்றுதான் ஆச்சரியம். இந்தியாவின் முதல் சொந்த மருந்துக்கு இவர்கள் தேர்ந்தெடுத்த குடும்பம், பிறந்த பிள்ளைகள் எல்லாம் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்த குடும்பம்.

ஒரே மரம், இரண்டு கிளை

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1960களில் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் க்ளோஃபைப்ரேட் என்ற கொழுப்பு மருந்தைக் கொண்டுவந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்று அன்று யாருக்கும் தெரியாது. எலிக்குக் கொடுத்துப் பார்த்தபோது கல்லீரல் வீங்கியது, செல்களுக்குள் பெராக்சிசோம் என்ற நுண்ணுறுப்புகள் பெருகின. இது ஏன் என்று துருவிக்கொண்டே போய் 1990இல் அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதற்குக் காரணமான ஏற்பியை, அதாவது செல்லுக்குள் மருந்து போய் ஒட்டித் தூண்டும் புரதத்தை, பிடித்தார்கள். பெராக்சிசோம் பெருக்கத்தை வைத்தே அதற்குப் பெயரும் வைத்தார்கள், சுருக்கமாக பிபிஏஆர். இன்று அதை பிபிஏஆர் ஆல்ஃபா என்கிறார்கள். விசேஷம் என்னவென்றால் மனிதக் கல்லீரலில் அந்தப் பெருக்கம் எலியில் நடப்பது போல நடப்பதில்லை. பெயர் மட்டும் எலியோடு ஒட்டிக்கொண்டது.

இதற்கு நடுவில் ஜப்பானில் இன்னொரு கூத்து. டாகேடா நிறுவனத்துக்காரர்கள் க்ளோஃபைப்ரேட்டைப் போலவே இன்னும் நல்ல கொழுப்பு மருந்து வேண்டும் என்று அதன் வடிவத்தை மாற்றி மாற்றிச் செய்து, சர்க்கரையும் கொழுப்பும் ஏறிக் கிடந்த ஒரு வகைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சில மூலக்கூறுகள் கொழுப்போடு சர்க்கரையையும் இறக்கின. அதிலிருந்துதான் 1980களின் தொடக்கத்தில் சிக்ளிட்டசோன் வந்தது, பின்னாடியே பயோக்ளிட்டசோன். இவை பிபிஏஆர் காமா என்ற தம்பி ஏற்பியைப் பிடிக்கின்றன என்று 1995இல்தான் தெரிந்தது. அதாவது கொழுப்பு மருந்தான ஃபைப்ரேட்டும் சர்க்கரை மருந்தான க்ளிட்டசோனும் ஒரே அடிமரத்தின் இரண்டு கிளைகள்.

ஆல்ஃபா பெரும்பாலும் கல்லீரல் ஆள். அதைத் தூண்டினால் கல்லீரல் கொழுப்பு அமிலத்தை எரிக்கும், ரத்தத்தில் மிதக்கும் ட்ரைகிளிசரைடை உடைக்கும் நொதிக்கு வேகம் கூடும், எச்டிஎல் என்ற நல்ல கொழுப்பு கொஞ்சம் ஏறும். காமா கொழுப்புத் திசுவின் ஆள். அதைத் தூண்டினால் கல்லீரலிலும் தசையிலும் போய் அப்பிக்கொண்டிருந்த கொழுப்பு தோலுக்கடியில் இருக்கும் கொழுப்புச் செல்களுக்குத் திரும்பும், இன்சுலின் பேச்சை உடம்பு மறுபடி கேட்க ஆரம்பிக்கும். காமாவுக்கு ஒரு விலையும் உண்டு: எடை ஏறும், கால் வீங்கும், இதயம் ஏற்கெனவே தளர்ந்தவர்களுக்கு நீர் கோத்து மூச்சு வாங்கும், எலும்பு முறிவும் கூடும். மருந்துக் கடைக்குப் போகிறவருக்கு இது பக்க விளைவு. ஆனால் சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்து வைப்பதும் அந்த ஏற்பியின் வேலையாகவே இருப்பதால், ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதைக் கழற்றிவிடுவது லேசில்லை.

இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிக்கு இரண்டுமே கெட்டிருக்கும். நம் ஊரில் இன்னும் மோசம். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின் 2014 முடிவுப்படி, தமிழ்நாடு உட்படப் பரிசோதித்த இடங்களில் 79 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு கொழுப்பு அளவு தப்பாக இருந்தது. எச்டிஎல் குறைவு 72.3 சதவீதம், ட்ரைகிளிசரைடு அதிகம் 29.5 சதவீதம். மேற்கத்திய டாக்டர் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பைப் பார்த்துப் பயப்படுவார். இங்கே எல்டிஎல் சுமாராக இருக்கும்போதே மற்ற இரண்டும் கோணலாக இருக்கும். அப்படியானால் ஆல்ஃபா, காமா இரண்டையும் ஒரே மாத்திரையில் தட்டினால் என்ன? க்ளிட்டசார் என்ற குடும்பம் பிறந்தது இந்த ஒரு வரி யோசனையில்தான். காகிதத்தில் இதை விட அழகான யோசனை கிடையாது.

செத்தவர்கள் கதை

முதலில் விழுந்தவற்றில் நம் ஊர்ப் பிள்ளையும் ஒன்று. ஹைதராபாத்தில் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி அமைப்பு 1990களில் இந்தத் துறையில் இறங்கி, 1997இல் பாலக்ளிட்டசோன் என்ற மூலக்கூறின் உரிமத்தை டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க்குக்குக் கொடுத்தது. காப்பி மருந்து செய்கிறவர்கள் என்று பெயர் வாங்கியிருந்த இந்திய நிறுவனம் ஒன்று தன் சொந்த மூலக்கூறை வெளிநாட்டுக்காரனுக்கு விற்றதா என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த வருஷமே ராகாக்ளிட்டசாரின் உரிமமும் அவர்களுக்கே போனது, இது ஆல்ஃபா காமா இரட்டை. மனிதச் சோதனையின் மூன்றாம் கட்டம் வரை போய்விட்டது. 2002 ஜூலையில் நோவோ நார்டிஸ்க் சோதனையை நிறுத்தியது. நீண்ட காலம் மருந்து கொடுக்கப்பட்ட எலிகளின் சிறுநீர்ப்பையில் கட்டிகள்.

அதற்கப்புறம் மழைக்காலத்துச் சுவர் மாதிரி ஒவ்வொன்றாகச் சரிந்தது. 2003இல் மெர்க் தன் இரட்டை மூலக்கூறைக் கைவிட்டது, சுண்டெலியில் அபூர்வமான கட்டி. 2004இல் அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, இந்தக் குடும்பத்து மருந்தை மனிதருக்கு ஆறு மாதத்துக்கு மேல் கொடுக்க வேண்டுமானால் இரண்டு வருஷ விலங்குப் புற்றுநோய்ச் சோதனையை முடித்துக் காட்டிவிட்டு வா என்றது. அஸ்ட்ராசெனிகாவின் டெசாக்ளிட்டசார் 2006 மே மாதம் போனது. அதற்கு எலி காரணமில்லை, மனிதர்களிடமே கிரியேட்டினின் ஏறியது, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் அளவு அது.

முராக்ளிட்டசார் கதையை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப்பும் மெர்க்கும் சேர்ந்து கொண்டுவந்தது. 2005 செப்டம்பரில் எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு 8க்கு 1 என்று ஆதரவாக வாக்களித்தது. வண்டி கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. அடுத்த மாதம் க்ளீவ்லாந்தின் இதய மருத்துவர் ஸ்டீவன் நிசனும் அவருடைய சகாக்களும், அந்தக் குழுவுக்காக எஃப்டிஏ பொதுவில் வைத்திருந்த அதே காகிதங்களை எடுத்து, யார் செத்தார்கள், யாருக்கு மாரடைப்பு, யாருக்குப் பக்கவாதம் என்று மட்டும் எண்ணினார்கள். மருந்து சாப்பிட்ட 2,374 பேரில் 35 பேர். ஒப்பீட்டுக் குழுவின் 1,351 பேரில் 9 பேர். சதவீதத்தில் 1.47, 0.67. இரண்டு மடங்குக்கும் மேல். இதில் ரகசியத் தரவு எதுவுமே இல்லை, எல்லார் முன்னாலும் மேஜையில் கிடந்ததுதான். குழுவில் இருந்தவர்கள் சர்க்கரை எவ்வளவு இறங்கியது, ட்ரைகிளிசரைடு எவ்வளவு இறங்கியது என்ற பத்தியையே படித்துக்கொண்டிருந்தார்கள் போல. 2006இல் மருந்து கைவிடப்பட்டது.

ஒரு துணைக்கதை. முராக்ளிட்டசாரும் ஆண் எலிகளின் சிறுநீர்ப்பையில் கட்டியை உண்டாக்கியது. ஏன் என்று பிறகு அந்த நிறுவனத்தின் விஞ்ஞானிகள் தோண்டினார்கள். எலியின் சிறுநீரில் கால்சியம் பாஸ்பேட் படிகம் படிந்து சிறுநீர்ப்பைச் சுவரை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. உணவில் அமிலத்தைக் கூட்டிச் சிறுநீரின் தன்மையை மாற்றியதும் படிகமும் இல்லை, கட்டியும் இல்லை. ஆக எலிக் கட்டி என்றதும் மனிதருக்கும் வரும் என்று சொல்லிவிட முடியாது. அதற்காக வராது என்றும் அடித்துச் சொல்ல முடியாது. ஹைதராபாத்துக்காரர்களுக்கு அந்த விளக்கம் சில வருஷம் தாமதம், அவ்வளவுதான்.

அதே தலை, வேறு வால்

ராகாக்ளிட்டசாரை உருவாக்கிய வேதியியலாளர்களில் ஒருவர் பிரஜ் பூஷண் லோரே. ஹைதராபாத்தை விட்டு அகமதாபாத் போய் சைடஸ் ஆய்வு மையத்தில் வேலை செய்தார். சாரோக்ளிட்டசாரின் காப்புரிமையில் அவர் பெயர் இருக்கிறது. இரண்டு மூலக்கூறுகளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு முனை அச்சு அசல்: எத்தாக்சி குழு ஒட்டிய புரோபனாயிக் அமிலம். டெசாக்ளிட்டசாரிலும் அதே தலைதான். ஏற்பியின் குழிக்குள் போய்ப் பிடித்துக்கொள்ளும் பாகம் அது, அதில் யாரும் கை வைக்கவில்லை. மாறியது வால். ராகாக்ளிட்டசாரில் மூன்று வளையம் ஒட்டிய ஃபீனாக்சசின் இருந்த இடத்தில், இங்கே ஒரு பைரோல் வளையமும் அதில் கந்தகம் தொங்கும் ஒரு பென்சீன் வளையமும்.

வால் மாறியதும் தராசு சாய்ந்தது. நிறுவனம் வெளியிட்ட செல் சோதனைகளில் மனித ஆல்ஃபா ஏற்பியைப் பாதி அளவுக்குத் தூண்ட 0.00065 நானோமோலார் (கரைசலின் செறிவைச் சொல்லும் அளவு) போதும், காமாவுக்கு 3 நானோமோலார் வேண்டும். சுமார் 4,600 மடங்கு வித்தியாசம். இந்த எண்ணை நான் அப்படியே விழுங்க மாட்டேன், தட்டில் வளர்த்த செல் வேறு, 4 மில்லிகிராம் மாத்திரை போன மனித உடம்பு வேறு. ஆனால் திசை முக்கியம். மற்ற க்ளிட்டசார்களில் பலவும் காமாவைப் பலமாகத் தட்டி, ஆல்ஃபாவைத் துணைக்கு வைத்துக்கொண்டவை. சர்க்கரை மருந்துச் சந்தைதான் பெரிய சந்தை, எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி இறங்கினால்தான் காசு, அதற்குக் காமா வேண்டும், காமா வந்தால் வீக்கமும் இதயமும் கூடவே வரும். சாரோக்ளிட்டசார் முதலில் ஆல்ஃபா மருந்து, காமா அதில் ஊறுகாய். கேட்ட அனுமதியும் சின்னது: சர்க்கரை நோயாளிகளில், ஸ்டாட்டின் போட்டும் ட்ரைகிளிசரைடு அடங்காதவர்களுக்கு. சர்க்கரையைக் குறைக்கும் மருந்து என்ற அனுமதி 2020இல்தான் சேர்ந்தது. என் கணக்கில் இது தப்பிப் பிழைத்ததற்கு முதல் காரணம் இந்தச் சின்னக் கேள்விதான், வேதியியல் அதற்கு அடுத்தது.

சோதனைகள் இரண்டு. ஒன்றில் 122 பேரை மூன்றாகப் பிரித்து 24 வாரம், சாரோக்ளிட்டசார் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம், எதிரே பயோக்ளிட்டசோன். ட்ரைகிளிசரைடு 26.4, 45, 15.5 சதவீதம் என்று அந்த வரிசையில் இறங்கியது. இன்னொன்றில் 302 பேர், எல்லாருக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம், 12 வாரம், எதிரே மருந்தில்லாத வெற்று மாத்திரை. 2 மில்லிகிராமுக்கு 45.5, 4 மில்லிகிராமுக்கு 46.7. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதை விடக் கவனிக்க வேண்டியது வெற்று மாத்திரைக் குழு: அவர்களுக்கும் 24.9 சதவீதம் இறங்கியது. ஸ்டாட்டினும், சோதனையில் சேர்ந்தாயிற்றே என்று சோற்றைக் குறைத்ததும் செய்த வேலையாக இருக்கலாம் அது. விளம்பரத்தில் 45 என்று போடும்போது இந்த 25ஐயும் பக்கத்தில் போட்டால் நன்றாக இருக்கும், யார் போடப்போகிறார்கள். பெரிய அளவில் எடை ஏற்றமோ கால் வீக்கமோ தெரியவில்லை. ஆனால் எல்லாரையும் கூட்டினாலும் ஐந்நூறு பேர் கூட இல்லை. முராக்ளிட்டசாரின் ஆபத்து நாலாயிரத்தை நெருங்கும் எண்ணிக்கையில்தான் கண்ணில் பட்டது.

அந்த இரண்டு மாதம்

2013 ஜூனையும் ஜூலையையும் நினைத்தால் சினிமாக்காரன் கூட இப்படி எழுத மாட்டான் என்று தோன்றும். ஜூன் முதல் வாரத்தில் லிபாக்ளினுக்கு அனுமதி. அதே மாதம் மத்திய அரசு சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ப் பயத்தில் பயோக்ளிட்டசோன் விற்பனையை நிறுத்தி வைத்தது. எந்த மருந்தோடு ஒப்பிட்டு அனுமதி வாங்கினார்களோ அந்த மருந்தே கடையில் இல்லை. டாக்டர்கள் கொதித்தெழுந்து, ஜூலைக் கடைசியில் பெட்டியில் எச்சரிக்கை அச்சடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அது திரும்பி வந்தது. நடுவில் ஜூலையில் ரோஷ் நிறுவனம் அலெக்ளிட்டசார் சோதனையை நிறுத்தியது. மாரடைப்பு முதலிய இதய அவசரநிலையிலிருந்து மீண்ட 7,226 சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தப்பட்ட சோதனை அது. கொழுப்பு எண்கள் எல்லாம் அழகாகத் திருந்தின, இதயத்துக்கு ஒரு பயனும் இல்லை, இதயச் செயலிழப்பு, வயிற்று ரத்தக்கசிவு, சிறுநீரகக் கோளாறு கூடின. சாரோக்ளிட்டசார் கடைக்கு வந்தது அந்தச் செப்டம்பரில். உலகத்தில் கடையில் கிடைத்த ஒரே க்ளிட்டசார் அப்போது அதுதான். சீனா சிக்ளிட்டசாருக்கு அனுமதி கொடுத்தது 2021இல்.

இங்கேதான் எனக்கு நெருடல். பயோக்ளிட்டசோனின் உடன்பிறப்பான ரோசிக்ளிட்டசோன் மாரடைப்பைக் கூட்டுகிறது என்று 2007இல் எழுந்த புயலுக்குப் பிறகு, எந்தச் சர்க்கரை மருந்தானாலும் இதயத்துக்குக் கெடுதல் இல்லை என்று காட்டச் சொல்லி எஃப்டிஏ 2008இல் விதி போட்டது. ரோசிக்ளிட்டசோனை இந்தியா 2010இல் தடையே செய்தது. அப்படித் தடை செய்த நாடு மூன்றே வருஷத்தில் அதன் ஒன்றுவிட்ட தம்பிக்கு, ஆயிரக்கணக்கானவர்களை வருஷக்கணக்கில் பின்தொடரும் இதயச் சோதனை இல்லாமலே அனுமதி கொடுத்தது. ட்ரைகிளிசரைடு இறங்கினால் இதயம் பிழைக்கும் என்பது ஊகம். அந்த ஊகத்துக்கு 2022இல் பலத்த அடி விழுந்தது. ஆல்ஃபாவை மட்டும் குறி வைக்கும் பெமாஃபைப்ரேட்டை 10,497 சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்தார்கள், ட்ரைகிளிசரைடு 26 சதவீதம் இறங்கியது, மாரடைப்பும் பக்கவாதமும் ஒரு துளி கூடக் குறையவில்லை. அதற்காகச் சாரோக்ளிட்டசாரும் அப்படித்தான் என்று சொல்லவில்லை, காமாவின் பங்கு அதில் இருக்கிறது. கேள்வியைக் கேட்டுப் பார்க்காமல் விடை தெரியாது என்றுதான் சொல்கிறேன்.

மருந்து இதற்குள் வேறு விலாசம் தேடிப் போய்விட்டது, கல்லீரலுக்கு. அமெரிக்காவில் கொழுப்புக் கல்லீரல் உள்ள 106 பேரிடம் 16 வாரம் நடந்த சோதனையில், 4 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு, கல்லீரல் புண்பட்டால் ரத்தத்தில் கசியும் ஏஎல்டி நொதி 45.8 சதவீதம் இறங்கியது, வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 3.4 சதவீதம் ஏறியது. எம்ஆர்ஐயில் அளந்த கல்லீரல் கொழுப்பு 19.7 சதவீதம் குறைவு. எடை சராசரியாக 1.5 கிலோ கூடியது, வெற்று மாத்திரைக்கு 0.3 கிலோ. இத்தனை சின்னக் குழுவில் அந்த வித்தியாசம் புள்ளியியல் கணக்கில் தேறவில்லை, ஆனால் காமா உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்பதை அது எனக்கு ஞாபகப்படுத்தியது. 2020 மார்ச்சில் இந்தியா அழற்சி வகைக் கொழுப்புக் கல்லீரலுக்கும் அனுமதி கொடுத்தது. பித்தநாளங்களைத் தாக்கும் ஓர் அரிய கல்லீரல் நோய்க்கு எஃப்டிஏ அரிய நோய் மருந்து என்ற தகுதியைக் கொடுத்தது. கொழுப்புக்கும் சர்க்கரைக்கும் நடுவில் பிறந்த குடும்பம் கடைசியில் எலிக் கல்லீரலில் தொடங்கிய இடத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

சித்தப்பாவிடம் இவ்வளவையும் சொல்ல முடியுமா? ஸ்டாட்டினை நிறுத்திவிடாதீர்கள், இதயத்தைக் காப்பாற்றுகிறது என்று நிரூபணம் உள்ளது அதுதான், கிரியேட்டினினையும் கல்லீரல் சோதனையையும் டாக்டர் சொல்லும் தேதிக்கு எடுத்துவிடுங்கள், கால் வீங்கினால் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள், ராத்திரி பரோட்டாவை விட்டுவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். மூன்று மாதம் கழித்து 380 என்பது 210 ஆகியிருந்தது. அதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, பரோட்டாவை விட்டதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க எனக்கு வழியில்லை, வீட்டில் வெற்று மாத்திரைக் குழு கிடையாதே. சித்தப்பாவுக்கு அந்தக் குழப்பமே இல்லை. "மாத்திரை நல்லா கேக்குதுப்பா" என்றார், அந்த வாரமே பரோட்டாவைத் திரும்ப ஆரம்பித்துவிட்டார்.